பனி பார்க்க நுவரெலியாவுக்கு வான் பிடிக்கும் மன்னார்க்காரர்களுக்கு

 

நீளமான பதிவு. கோபத்தில்தான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பாதி என்மேல்.

மூன்று நாளாக எங்கள் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் ஒரே கதை. நுவரெலியாவில் துகள் உறைபனி விழுகிறதாம், புல்லெல்லாம் வெள்ளையாம், விடுமுறை முடிய முன்னர் வான் பிடிக்க வேண்டுமாம். இதற்கு நடுவில் கனடாவில் இருக்கும் ஒருவருடைய குடும்பப் படங்கள் வந்து விழுந்தன. பான்ஃப் தேசியப் பூங்காவில் காலையில் உறைந்த ஓடையோரம் நடக்கிறார்கள், மத்தியானம் அதே பூங்காவுக்குள் இருக்கும் மலைச்சரிவில் பிள்ளைகள் பலகையில் நின்று பனியில் சறுக்குகிறார்கள். உடனே நம் குழுவில் ஒரு பெருமூச்சு: "நமக்கு எங்கே இதெல்லாம்? நுவரெலியாவையாவது பார்ப்போம்."

இந்தப் பெருமூச்சோடுதான் எனக்குச் சண்டை.

அந்தப் படத்தை நாம் பிழையாகப் படிக்கிறோம். அவர்களுக்குப் பனி கிடைத்திருக்கிறது, நமக்குக் கிடைக்கவில்லை என்று படிக்கிறோம். ஆனால் அந்தக் குடும்பம் தாங்கள் வாழும் நாட்டின் குளிர்காலத்துக்குள், தங்கள் தேசியப் பூங்காவுக்குள், பிள்ளைகளை இறக்கிவிட்டிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்கவில்லை. உடுப்பு வாங்கி, பழக்குபவரிடம் விட்டு, விழுந்து எழும்பப் பழக்கியிருக்கிறது. நாம் கற்க வேண்டியது அதைத்தான்.

நமக்கும் ஒரு குளிர்காலம் இருக்கிறது. அதன் பெயர் வாடைக்காற்று. மார்கழி தொடங்கி மாசி, பங்குனி வரை இந்தத் தீவில் அது அடிக்கிறது. நமக்கும் தேசியப் பூங்கா இருக்கிறது. தலைமன்னாருக்கு அப்பால் உள்ள மணல் திட்டுகளும் கடலும் சேர்ந்த ஆதாம் பாலம், 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வங்காலை 2008இல் சரணாலயமானது. 2010இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. இலங்கையிலிருந்து அந்தப் பட்டியலில் ஏறிய நான்காவது ஈரநிலம் அது. விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கிடம் ஆனது. கையை நீட்டினால் தொடும் தூரத்தில் மூன்று இடங்கள். உங்கள் பிள்ளை இதில் எத்தனைக்குப் போயிருக்கிறது?

போன வருடம் நானும் போனேன், மறைக்கவில்லை. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். இரவிரவாக வளைவு வளைவாக ஏறி, வானுக்குள் பாதிப் பேர் வாந்தி எடுத்து, நாங்கள் ஹோட்டன் சமவெளி வாசலுக்குப் போய்ச் சேரும்போது காலை ஒன்பது மணி. உறைபனி வெயில் ஏற முன்னரே கரைந்துவிடும் என்பது ஆசிரியையான எனக்கே உறைக்கவில்லை. கண்டது ஈரப்புல். உலக முடிவில் மூட்டம். ஒன்பது கிலோமீட்டர் நடையில் பிள்ளைகள் கேட்ட கேள்வி, "உம்மா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்பது மட்டும்தான். ஒரு மாதச் சம்பளம் அங்கே கரைந்தது. நல்ல இடம்தான். வாசலில் பைகளைத் திறந்து பார்த்து பொலித்தீனை எடுத்துவிடுகிறார்கள், அதைப் பார்த்து நமக்கு வெட்கம் வர வேண்டும். போக வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. முதலில் அங்கே போகாதீர்கள் என்கிறேன்.

விடுமுறைக்கு முன்னர் பிள்ளைகளிடம் "நான் சென்ற சுற்றுலா" என்று கட்டுரை எழுதச் சொன்னேன். பெரும்பாலும் நுவரெலியா, கண்டி, கொழும்பு. நீச்சல் தடாகம் உள்ள பார்க். வங்காலைப் பக்கம் இளஞ்சிவப்பாக நிற்கும் பறவை என்ன என்று கேட்டேன். "கொக்கு டீச்சர்." அது பூநாரை. அதைப் படம் பிடிக்க கொழும்பிலிருந்து பெரிய கமராக்களோடு ஆட்கள் வந்து விடியற்காலையில் வீதியோரம் நிற்கிறார்கள். நம் பிள்ளைகள் அதே வீதியால் பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

இன்னொன்று. சில வருடங்களுக்கு முன் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஒரு கடற்காகத்துக்கு ஜிபிஎஸ் கருவி பூட்டிவிட்டார்கள். அது இந்தியாவைக் கடந்து, மத்திய ஆசியாவைக் கடந்து, ரஷ்யாவின் ஆர்க்டிக் கரையில் இருக்கும் யமால் தீபகற்பம் வரை போனது. குளிர்காலத்துக்குத் திரும்பவும் மன்னாருக்கே வந்தது. உண்மையான பனிநாட்டிலிருந்து ஒரு பறவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம் வாசலுக்கு வருகிறது. அது வந்து இறங்கும் நேரத்தில் நாம் வீட்டைப் பூட்டிவிட்டு ஈரப்புல் பார்க்கப் போகிறோம்.

பலகை விளையாட்டா? அதுவும் இங்கே இருக்கிறது. தலைமன்னார்ப் பக்கம் போய்ப் பாருங்கள். வெளிநாட்டுக்காரர்கள் காலில் பலகையைக் கட்டி, பெரிய காற்றாடியைப் பிடித்து, நம் காற்றில் நம் கடலின்மேல் சறுக்குகிறார்கள். கைட் சேர்ஃபிங் என்கிறார்கள். பனிக்குப் பதில் தண்ணீர், மலைக்குப் பதில் காற்று. அவர்கள் அதற்காகவே காசு கொடுத்து வருகிறார்கள். நம் பிள்ளைகள் கரையில் நின்று வீடியோ எடுக்கிறார்கள்.

இதற்கு வரப்போகும் பதில்கள் தெரியும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"வெயில் டீச்சர், அங்கே என்ன இருக்கிறது?" இந்த மாதங்களில்தான் வெயில் தாங்கக்கூடியது. சுபஹு தொழுதுவிட்டு வெளிக்கிட்டால் ஒன்பது மணிக்குள் பார்த்து முடிக்கலாம்.

"ஆபத்து, கடலில் பிள்ளை போய்விடும்." சரியான பயம். அதனால்தான் கேட்கிறேன், தீவில் பிறந்த பிள்ளைக்கு ஏன் நீச்சல் தெரியவில்லை? என் வகுப்பில் நீந்தத் தெரிந்தவர்களைக் கை தூக்கச் சொன்னேன். மூன்று நான்கு ஆண் பிள்ளைகளின் கை மட்டும் எழும்பியது. காற்றாடியைப் பிடிக்கக் கொடுப்பது அதற்குப் பிறகு, அதுவும் பழக்குபவர் பக்கத்தில் நின்றால்தான்.

"பொம்பிளைப் பிள்ளைகளுக்கு இது சரிவராது." ஹோட்டன் சமவெளியில் ஆயிரம் பேருக்கு நடுவில் ஒன்பது கிலோமீட்டர் நடக்கச் சரிவந்தது, வங்காலையில் வாப்பாவோடும் உம்மாவோடும் நடக்கச் சரிவராதா? ஒழுங்கான உடுப்போடு, பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கி, பெண் ஒருவரைக்கொண்டு நீச்சல் பழக்க முடியாதா? பூமியில் திரிந்து பார்த்துச் சிந்திக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. மகள்மாரை விட்டுவிட்டுத் திரியுங்கள் என்று அது சொல்லவில்லை.

இப்போது ஏன் இது வெறும் சுற்றுலாக் கதை இல்லை என்று சொல்கிறேன்.

1990 ஒக்டோபரில் நாங்கள் வெளியேற்றப்பட்டோம். திரும்பி வந்த முசலிப் பக்கத்து மக்களைப் பார்த்து நாடு முழுக்க "வில்பத்துவை அழிக்கிறார்கள்" என்று கத்தினார்கள். 2017இல் ஒரே வர்த்தமானியில் நாற்பதாயிரம் ஹெக்டேயருக்கு மேல் மாவில்லு வனம் என்று அறிவித்தார்கள். அதில் யார் எவ்வளவு சரி என்று இங்கே வழக்காட வரவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. அந்த நாட்களில் கொழும்பில் வேலை செய்த என் சொந்தக்காரர் ஒருவரிடம், "வில்பத்துப் பூங்காவின் எல்லை எது?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வடக்கு எல்லை மோதரகம் ஆறு என்பதையும், மறிச்சுக்கட்டி அந்த ஆற்றுக்கு இந்தப் பக்கம் என்பதையும் பிறகுதான் வரைபடத்தைப் பார்த்துப் படித்தேன். பழி சொல்பவனுக்கு நம் நிலத்தின் பெயர் தெரிந்திருந்தது. பதில் சொல்ல வேண்டிய நமக்குத் தெரியவில்லை.

2024 மே மாதம் விடத்தல்தீவு ஒதுக்கிடத்தில் ஒரு பகுதியை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக நீக்கி வர்த்தமானி வந்தது. நீதிமன்றத்துக்குப் போனவர்கள் சூழலியல் அமைப்புகள். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. நம்மில் எத்தனை பேருக்கு அந்தச் செய்தியாவது தெரியும்? தெற்குக் கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனியின் 30 காற்றாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. அடுத்து இன்னும் கோபுரங்கள், கனிய மணல் அகழ்வு என்று பேச்சு நடக்கிறது. வேண்டும், வேண்டாம் என்று இரண்டு பக்கமும் வாதம் இருக்கட்டும். ஆனால் கூட்டத்தில் ஓர் அதிகாரி எழும்பி, "பறவை எந்த இடத்தில் இறங்குகிறது, வெள்ளம் எந்த வழியால் வடிகிறது, சொல்லுங்கள்" என்று கேட்டால் யார் சொல்வது? கடலோடிகள் சொல்வார்கள். படித்த நாம் பேஸ்புக்கில் கொடி பிடிப்போம். காலால் நடந்து பார்க்காத இடத்தைப் பற்றி எவ்வளவுதான் கத்த முடியும்?

ஆகவே என் கோரிக்கைகள், சண்டையாக எடுத்தாலும் பரவாயில்லை:

1. பாடசாலைகளும், பள்ளிவாசல் நிர்வாகங்களும், கோயில் சபைகளும் ஒழுங்கு செய்யும் சுற்றுலாக்களில் முதல் நாள் மாவட்டத்துக்குள். பிறகு எங்கே வேண்டுமானாலும் போங்கள்.

2. ஒவ்வொரு பிள்ளையும் இந்த விடுமுறையில் இருபது பறவைகளைக் கண்டு பெயர் எழுத வேண்டும். தூரத்தில் நின்று. பறக்கவிட்டுப் படம் எடுக்கக் கல்லெறிந்தால், ட்ரோன் விட்டால், என்னிடம் வர வேண்டாம்.

3. ஆதாம் பாலத்துக்கு நினைத்தபடி போக முடியாது. வனசீவராசிகள் திணைக்களத்திடம் மாணவர்களுக்கு ஒரு நாள் கேட்டுக் கடிதம் எழுதுவோம். நான் எழுதுகிறேன், கையெழுத்துப் போடுங்கள்.

4. நம் காற்றில் தொழில் செய்யும் கைட் பயிற்சிக்காரர்கள் வருடத்துக்குச் சில உள்ளூர்ப் பிள்ளைகளுக்காவது பழக்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும்.

நுவரெலியா வானில் எனக்கும் ஓர் இடம் வைத்திருப்பதாகச் சொன்ன சகோதரிக்கு: நன்றி, இந்த முறை நான் வரவில்லை. வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு என் பிள்ளைகளோடு வங்காலைக்குப் போகிறேன். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், பழைய சப்பாத்து போதும். சோற்றுப் பார்சல் கொண்டுவந்தால் வாழையிலையில் கட்டுங்கள். வருகிறவர்கள் கீழே பெயரைப் போடுங்கள்.