நலம் காப்போம்: மயக்கத்தை மறைக்காதீர்கள்



2021 ஜூன் 12 அன்று கொப்பன்ஹேகன் பார்க்கன் மைதானத்தில் உதைபந்தாட்ட வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் சரிந்து விழுந்ததும், மின்அதிர்ச்சி கொடுத்து அவரை மீட்டதும் நினைவிருக்கும். இளவயதில் இதயம் திடீரென நிற்கப் பல காரணங்கள் உண்டு. பரம்பரையாக வரும் நீண்ட கியூடி நோய் அவற்றில் ஒன்று. நீந்தும்போதோ, அலாரச் சத்தத்தில் திடுக்கிடும்போதோ துடிப்பு தாறுமாறாகி மயக்கம் வரலாம். “சாப்பிடாததால்தான்” என்று விட்டுவிடாமல் குடும்ப வைத்தியரிடம் சொல்லி ஈசிஜி எடுங்கள். பெற்றாரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பொதுவாக 50 வீத வாய்ப்பு. பீட்டா தடுப்புக் குளிசையைத் தவறவிடாதவர்களில் பலர் நலமாக வாழ்கிறார்கள். கலியாணப் பேச்சுக்குப் பயந்து மறைத்தால், கூடப்பிறந்தவர்களின் ஆபத்தையும் மறைக்கிறோம். ஜெபிப்போம், பரிசோதனைக்கும் போவோம்.