அகி: போகிற போக்கில் கற்க முடியாத ஒரு சொல்

மக்களே, இன்றைய பதிவில் அனாட்டமி இல்லை, சினிமா இல்லை, மெஸ் சாப்பாட்டுப் புலம்பலும் இல்லை. ஒரே ஒரு வினைச்சொல். படித்து முடித்துவிட்டுத் திட்டுவதானால் திட்டலாம் :-)

டவாவுக்கு மருத்துவம் படிக்க வருகிற நம்மூர்ப் பசங்களிடம் பொதுவாக ஒரு எண்ணம் உண்டு. "ஊர் முழுக்க இங்கிலீஷ் ஓடும். பிசாயால பத்து வார்த்தை தெரிஞ்சா போதும், காலத்தை ஓட்டிடலாம்." 'எவ்வளவு', 'எங்கே', 'நன்றி', அப்புறம் ஜீப்னியை நிறுத்தச் சொல்ல ஒரு வார்த்தை. அவ்வளவுதான் நம் பிசாயா. இந்த எண்ணம் தப்பு என்பது என் கட்சி. அதற்குச் சாட்சியாக நான் கூப்பிடுவது 'அகி' என்கிற சொல்லை. ('அங்கே' என்பதில் வருகிற 'க' போல அழுத்திச் சொல்லுங்கள். 'மகன்' என்பதில் வருகிற 'க' இல்லை.)

செபுவானோ மொழியைத்தான் இங்கே பிசாயா என்கிறார்கள். செபு, போஹோல், நெக்ரோஸின் கிழக்குப் பக்கம், மிண்டனாவின் பெரும்பகுதி என்று சுமார் 2 கோடிப் பேர் பேசுகிற மொழி. அதில் 'அகி' என்றால் கடந்து போவது. பார்க்க எளிமையாகத்தான் இருக்கிறது. முன்னும் பின்னும் ஒட்டுச் சேரும்போதுதான் வேடிக்கை ஆரம்பம்.

ஜீப்னி டிரைவரிடம் "இது அந்தப் பக்கம் போகுமா?" என்று கேட்க 'மோ-அகி'. "போகிற வழியில் உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று நண்பன் சொன்னால் 'அகியன் தா கா'. நடந்து போகிற பாதை 'அகி-அனன்'. போன வாரம், போன வருஷம் என்பதில் வரும் 'போன' இவர்களுக்கு 'நி-அகிங்'. இதுவரை ஆச்சரியம் இல்லை. நாமும் 'கடந்த வாரம்' என்றுதானே சொல்கிறோம்?

அடுத்த படிக்கு வாருங்கள். ஒரு காரியத்தைச் செய்கிற முறை 'ப-அகி'. ஒன்றின் மூலமாக, ஒன்றின் வழியாக என்பதற்கு 'பின-அகி'. நமக்கும் 'வழி' என்றால் சாலையும் உண்டு, உபாயமும் உண்டு. "வேற வழி இல்லை" என்று புலம்புகிறவன் ரோட்டைப் பற்றியா பேசுகிறான்? நன்றி தெரிவிக்கும் விதமாக ஒரு பரிசு கொடுத்தால் அது 'அகிக் பசலாமத்'. அங்கேயும் அதே சொல்தான் 'விதமாக' என்ற வேலையைப் பார்க்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கையெழுத்து. ஒருவருடைய கையெழுத்து அழகாக இருக்கிறதா, கோழி கிளறியது போல இருக்கிறதா என்பதைச் சொல்லும்போது அந்தக் கையெழுத்துக்கும் பெயர் 'அகி'தான். பேனா கடந்து போன தடம் என்று நான் புரிந்துகொள்கிறேன். (நாளைக்கு டாக்டர் ஆகப்போகிற நம்மில் பல பேருடைய அகி எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும்!)

அப்புறம் 'இ-அகி'. கஷ்டம் வந்தால் அதைச் சிரிப்பிலே கடத்திவிடு என்பதற்கு 'இ-அகி' என்று தொடங்கிச் சிரிப்பைக் குறிக்கும் 'கத்தாவா'வில் முடிப்பார்கள். புயலும் பூகம்பமும் அடிக்கடி வந்துபோகிற நாட்டில் இந்தப் பேச்சு புழங்குவதில் வியப்பில்லை.

கடைசியாக முக்கியமான ஒன்று. 'நா-அகியன்' என்றால் பட்டது, அனுபவித்தது. "நான் நிறையப் பட்டுவிட்டேன்" என்று ஒரு பாட்டி சொன்னால் அதில் இந்தச் சொல் இருக்கும். அதே வேரிலிருந்து 'க-அகி': ஒருவர் கடந்து வந்த வாழ்க்கை, அனுபவம். ஒரு நாட்டின் வரலாற்றுக்கும் அதே சொல். நம் 'வரலாறு' என்ற சொல்லைப் பிரித்தால் வரல் + ஆறு, அதாவது வந்த வழி. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள் இந்த ஒரு இடத்தில் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. இதைக் கண்டதும் எனக்குச் சிலிர்த்தது.

"சரிடா, இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?" நியாயமான கேள்வி. வார்டில் நமக்கு முதல் வேலை என்ன? ஹிஸ்டரி எடுப்பது. நோயாளி கடந்து வந்த வழியை அவர் வாயாலேயே கேட்பது. இங்கிலீஷில் கேட்டால் அவர் ஆம், இல்லை என்று இரண்டே பதிலில் முடித்துக்கொள்வார். அவருடைய மொழியில் கேட்டால்தான் கதை வரும். அந்தக் கதைக்குள் 'அகி' ஒவ்வொரு முறையும் வேறு வேறு வேஷம் போட்டுக்கொண்டு வரும். "அகி என்றால் கடப்பது" என்று ஒற்றை வரியில் மனப்பாடம் செய்தவன் அங்கே முழிக்க வேண்டியதுதான். பத்து வார்த்தைப் பட்டியல் காய்கறி வாங்க உதவும், வைத்தியத்துக்கு உதவாது.

இன்னொரு சங்கடம், இந்த ஊர்க்காரர்களிலேயே பலர் தங்கள் மொழியை 'வெறும் டயலெக்ட்' என்று சொல்லிக்கொள்வது. ஜான் வுல்ஃப் என்கிற மொழியியலாளர் 1972-ல் வெளியிட்ட செபுவானோ அகராதி ஆயிரம் பக்கங்களுக்கு மேல் போகிறது. வட்டார வழக்குக்கா அவ்வளவு பெரிய புத்தகம்? செபுவானோ விக்கிப்பீடியாவில் 60 லட்சம் கட்டுரைகளுக்கு மேல் இருக்கின்றன. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஸ்வீடன்காரர் ஒருவர் உருவாக்கிய தானியங்கி நிரல் எழுதித் தள்ளியவை. மலைகளின் பெயர், பூச்சிகளின் பெயர் என்று ஒரே அச்சு வார்ப்பு. எண்ணிக்கை மலைக்க வைக்கிறது, ஆனால் அந்தப் பாட்டியின் 'நா-அகியன்' அங்கே எங்கே இருக்கும்?

2012-13 கல்வியாண்டு முதல் இந்த நாட்டின் அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியில் கற்பிக்கும் திட்டம் இருந்தது. 2024 அக்டோபரில் வந்த 12027-ஆம் எண் சட்டம் அதை நிறுத்தி, பாடமொழியாக மீண்டும் ஃபிலிப்பினோவையும் ஆங்கிலத்தையும் கொண்டுவந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே தாய்மொழி பேசும் வகுப்பில் மட்டும் விருப்பப்பட்டால் தொடரலாம். புத்தகங்கள் போதவில்லை, ஒரே வகுப்பில் பல மொழிப் பிள்ளைகள் என்ற காரணங்களில் உண்மை இருக்கிறது. டவாவ் போன்ற கலப்பு நகரத்தில் அது பெரிய சிக்கல்தான். ஆனால் புத்தகம் இல்லையென்றால் புத்தகம் அச்சடிக்க வேண்டும். பாதையும் முறையும் பட்ட பாடும் வரலாறும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதை ஆறு வயதுப் பிள்ளை வீட்டிலேயே, யாரும் சொல்லித்தராமலே உள்வாங்கியிருக்கிறது. அதைப் பள்ளிக்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்தச் சட்டத்தை மாற்ற நம்மால் முடியாது. நாம் இந்த ஊரைக் கடந்து போகிறவர்கள், அவர்கள் பாஷையில் சொன்னால் நாமே 'அகி'கள் :-) ஆனால் இங்கே இருக்கிற வருஷங்களில் வாரத்துக்கு ஒரு வினைச்சொல்லை வேரோடும் கிளையோடும் கற்றுக்கொள்ள முடியும். ஆஸ்டல் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி அண்ணனிடமோ, கடைக்கார அக்காவிடமோ கேட்டாலே போதும், சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள்.

அடுத்த வாரத்துக்கு எந்தச் சொல்? உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், சேர்ந்தே கற்போம்.