பயிற்சி கொடுக்கப் போகிறவர்கள்

மகப்பேறு மருத்துவர்களான காதரின் ஹாம்லினும் அவர் கணவர் ரெஜினால்டும் 1959-இல் அடிஸ் அபாபா போனது பேறுகால உதவியாளர்களுக்குப் பாடம் நடத்த. மூன்று வருட ஒப்பந்தம்தான். காதரின் 2020-இல் இறக்கும்வரை எத்தியோப்பியாவிலேயே இருந்துவிட்டார். அவரை நிறுத்தியது வார்டுக்கு வெளியே இருந்த வாழ்க்கை. நாள்கணக்கில் பிரசவ வலியில் கிடந்து, குழந்தையைப் பறிகொடுத்து, சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்து, ஓயாமல் சிறுநீர் ஒழுகும் பெண்கள். நாற்றம் என்று புருஷன் தள்ளிவைப்பான், பஸ்ஸிலும் ஏற்றமாட்டார்கள். அவர்களுக்கென்றே 1974-இல் இருவரும் தனி மருத்துவமனை கட்டினார்கள்.

இன்று இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டு, ரப்பர் பொம்மையும் சான்றிதழ் கட்டுமாகத் வெளிநாட்டு நர்ஸ்களுக்குத் தன்னார்வமாகப் பயிற்சி கொடுக்கப் பறக்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன் (குரூப் போட்டோவைக் கொஞ்சம் குறைக்கலாம்). ஆனால் ரத்தப்போக்கை நிறுத்தக் கற்றுக்கொடுத்தால் மட்டும் போதுமா? வலி கண்ட பெண் எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்று முடிவெடுப்பது கணவனோ மாமியாரோ என்றால், நர்ஸின் கைத்திறமை யாருக்கு உதவும்? அதைத் தெரிந்துகொள்ள அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டும்; மொழியும் கொஞ்சம் வேண்டும்.

ஹாம்லின் தம்பதியிடம் நோயாளியாக வந்தவர்தான் மமிட்டு காஷே. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண். ஆபரேஷன் தியேட்டரில் எடுபிடியாக நின்று, பார்த்துப் பார்த்தே கத்தி பிடித்தார். பிறகு பட்டம் பெற்ற டாக்டர்கள் அவரிடம் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். பயிற்சியாளர் என்றால் எனக்கு அவர் முகம்தான் முதலில் ஞாபகம் வருகிறது.