சிறு தீவுகளும் டென்னிஸ் களமும்

உலக விளையாட்டரங்கில் பெருநாடுகளின் பெயர்களே ஓங்கி ஒலிக்கக் கேட்டுப் பழகிவிட்டோம். ஏறத்தாழ 500 பேரே வாழும் சார்க் தீவும், ஒரு இலட்சத்தைச் சற்றே கடந்த மக்கள்தொகை கொண்ட ஜெர்சியும் தத்தம் கொடியேந்தி ஒருங்கே அணிவகுக்கும் அரங்கொன்று உண்டென்பதை நம்முள் பலர் அறியோம். 1985ஆம் ஆண்டு மாண் தீவில் 15 தீவுகள் கூடித் தொடங்கிய தீவு விளையாட்டுப் போட்டிகளே அவ்வரங்கம். கெர்ன்சி, பெர்முடா, கோத்லாந்து, மெனோர்கா, பாக்லாந்து எனப் பல கடல்களின் தீவுகளும், தீபகற்பமாகிய ஜிப்ரால்டரும் இதில் உறுப்பினர்கள். ஈராண்டுக்கொரு முறை கூடும் இவ்விழாவில் டென்னிசுக்கு நேர்ந்துள்ள நிலை குறித்தே ஈண்டுச் சிந்திக்க விழைகின்றோம்.

இத்தீவுகளுள் பெரும்பாலானவற்றுக்கு ஒலிம்பிக்கில் தனியிடம் இல்லை. காமன்வெல்த் விளையாட்டுகளில் சிலவற்றுக்கு இடமுண்டு. எனினும் அங்கு டென்னிஸ் இடம்பெற்றது 2010இல் நம் தலைநகர் தில்லியில் நடைபெற்றபோது மட்டுமே. ஆகவே, தன் தீவின் பெயரால் களமிறங்க விரும்பும் டென்னிஸ் வீரருக்குத் தீவு விளையாட்டு விழாவே தலையாய மேடை.

கெர்ன்சியிற் பிறந்த ஹீதர் வாட்சனை எண்ணிப் பார்ப்போம். 2008இல் புனேயில் நடந்த காமன்வெல்த் இளையோர் போட்டியில் தம் தீவுக்காக ஆடியவர் அவர். 2012இல் ஒசாகாவில் பட்டம் வென்று, 1988க்குப் பின் மகளிர் சங்கத் தொடரில் ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் பிரித்தானியப் பெண்மணியானார். 2016இல் விம்பிள்டன் கலப்பு இரட்டையர் பட்டத்தையும் வென்றார். ஆயின் அவ்வுயரத்தை எட்டுவதற்குப் பன்னிரண்டாம் அகவையிலேயே தீவை நீங்கி, அமெரிக்காவின் புளோரிடாவிற் பயிலச் செல்ல வேண்டியிருந்தது. அவ்வாறு வெளியேற வசதியும் வாய்ப்பும் இல்லாத பிள்ளைகளின் கதி யாது? பகலில் பள்ளியிலோ பணியிலோ இருந்து, மாலையில் மட்டையேந்தும் அவர்களுக்கும் ஓர் இலக்கு வேண்டாவா?

அவ்விலக்கு இன்று மங்கி வருகிறது. எந்தெந்த ஆட்டங்களைச் சேர்ப்பதென முடிவு செய்யும் உரிமை, தன் வசதிக்கேற்ப, விழாவை நடத்தும் தீவுக்கு உண்டு. 2025இல் ஆர்க்னி நடத்திய விழாவின் 12 ஆட்டங்களுள் டென்னிஸ் இல்லை. அதற்கு முன்னரே, 2021இல் நடைபெறவிருந்த விழா பெருந்தொற்றால் 2023க்குத் தள்ளிப்போயிற்று. விளைவாக, 2019 முதல் 2026 வரையிலான எட்டாண்டுகளில் ஜிப்ரால்டர், கெர்ன்சி ஆகிய இரு விழாக்களில் மட்டுமே டென்னிஸ் நடந்துள்ளது. 2019இல் பதினேழு வயதில் ஆடிய ஓர் இளைஞனுக்கு 2027இல் இருபத்தைந்து வயதாகிவிடும். வீரனின் இளமை விழாக்களுக்காகக் காத்திருப்பதில்லை.

இதனால் ஆர்க்னியைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. ஏறத்தாழ 22,000 பேர் வாழும் தீவுக்கூட்டம் அது. ஒரு வார விழாவுக்காகப் பெருஞ்செலவில் ஆடுகளங்களை அமைத்துவிட்டுப் பின்னர் வெறுமனே கிடக்கவிடுதல் அறிவுடைமை ஆகாது. எல்லா ஆட்டங்களையும் நடத்தியே தீரவேண்டுமென விதித்தால், செல்வம் மிக்க தீவுகளே விழா நடத்தும் நிலை வந்துவிடும். அது இவ்வியக்கத்தின் உயிர்நாடியையே அறுப்பதாகும்.

ஆயின் வழியொன்று முன்னரே காட்டப்பட்டுள்ளது. 2019இல் ஜிப்ரால்டர் விழாவில் காற்பந்து இடம்பெறாதபோது, வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சித் தீவு அவ்வாண்டே காற்பந்துக்கெனத் தனிப் போட்டியை நடத்திக் கொடுத்தது. காற்பந்துக்குக் கிட்டிய அவ்வாய்ப்பு டென்னிசுக்கும் கிட்டலாமன்றோ? விழாவில் டென்னிஸ் விடுபடும் ஆண்டுகளில், ஆடுகளங்கள் நிறைந்த பிறிதொரு தீவு அப்போட்டியை ஏற்று நடத்துவதை வழக்கமாகவே ஆக்க வேண்டும் என்பது நம் கருத்து. அனைவருடனும் பந்தியில் அமர்ந்துண்ணும் மகிழ்ச்சி அதில் குறையலாம். எனினும் பசித்திருப்பதினும் தனித்துண்பது மேலன்றோ!

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று இப்போட்டிகளை எள்ளுவாரும் உளர். சர்க்கரை எட்டாத ஊரில் இலுப்பையும் இல்லையெனின் நாவுக்குச் சுவை ஏது? சிறியோர் தமக்குள் நிகரானவரோடு மோதித் தம் ஆற்றலை அளந்தறிவது ஏளனத்துக்குரியதன்று. வளர்ச்சிக்கு அதுவே முதற்படி. அப்படியைப் பெயர்த்தெடுக்காதிருக்க வேண்டிய பொறுப்பு, எந்த ஒரு தீவினுடையதும் அன்று. எல்லாத் தீவுகளுக்கும் பொதுவானது.