கறுப்புப் பசையும் வெள்ளைப் பல்லும்

பல் வெளுக்கக் கறுப்புப் பசை வந்திருக்கிறதே, பார்த்தீர்களா? அதில் இருப்பது வேறொன்றுமில்லை, கரிதான்! பாட்டி உமிக்கரியும் உப்பும் வைத்துத் தேய்த்தால் 'பட்டிக்காடு' என்று மூக்கைச் சுளிக்கிறோம். அதையே குழாயில் அடைத்து நூற்றுக்கணக்கில் விலை போட்டால் ஆசையோடு வாங்குகிறோம். போகட்டும், பல் வெளுக்கிறதா?

காப்பிக் கறையும் வெற்றிலைக் கறையும் கொஞ்சம் போகும். அவை மேலே ஒட்டியவை. ஆனால் பல்லின் மஞ்சளுக்கு ஊற்று உள்ளே இருக்கிறது. எனாமல் என்ற மேல் பூச்சு ஒளியை உள்ளே விடுவது. அதன் அடியில் உள்ள டென்டின் இயற்கையிலேயே மஞ்சள். சொரசொரப்பான பொடியை நாள்தோறும் அழுத்தித் தேய்த்தால் எனாமல் மெலியும். மெலிய மெலிய மஞ்சள் இன்னும் நன்றாகத் தெரியும்! போன எனாமல் நகம் போல மறுபடி வளராது, அம்மா. கரிப் பசைகளைப் பற்றி வந்த ஆராய்ச்சிகளை அலசிய கட்டுரை ஒன்று 2017-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் வந்தது. இவை தீங்கற்றவை என்பதற்கோ, வெளுக்கும் என்பதற்கோ போதிய ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு.

எலுமிச்சம்பழமா? அதன் புளிப்பு எனாமலைக் கரைக்கும். ரசத்தோடு நிற்கட்டும்.

நிஜமாகவே வெளுக்கும் சரக்கு ஹைட்ரஜன் பெராக்ஸைட். அது எனாமலுக்குள் ஊடுருவி நிறத்தைச் சிதைக்கிறது. ஆனால் பல் கூசும். ஈறில் பட்டால் எரியும். அதனால்தான் ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2012 முதல் 0.1 சதவிகிதத்துக்கு மேற்பட்டதைக் கடையில் நேரே விற்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். 6 சதவிகிதம் வரை பல் டாக்டர் மூலமாகத்தான். 18 வயது ஆகாதவர்களுக்குக் கிடையவே கிடையாது. இங்கேயோ, கல்யாணம் நிச்சயமான பெண் பத்து நாள் இருக்கும்போது தபாலில் எதையோ தருவித்துத் தானே பூசிக்கொள்கிறாள். பல்லில் சொத்தை இருந்து, மருந்து உள்ளே இறங்கினால் ஐஸ்கிரீம் என்ன, பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்க முடியாமல் துடிப்பாள். முதலில் டாக்டரிடம் காட்டிச் சொத்தையை அடைக்கச் சொல்லுங்கள். வெளுப்பதானால் முகூர்த்தத்துக்குச் சில வாரம் முன்பே ஆகட்டும். கூச்சம் அடங்க அவகாசம் வேண்டாமா?

இன்னொன்று. முன்பல்லில் அடைத்த இடமும், போட்ட செயற்கை உறையும் எந்த மருந்துக்கும் வெளுப்பதில்லை. சுற்றியுள்ள பற்கள் மட்டும் வெளுத்து, இது தனியாகப் பழுப்பாய் நிற்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் குடிநீரிலுள்ள ஃப்ளோரைடால் சிறுவயதிலேயே பல்லில் படியும் பழுப்புத் திட்டுகளும் தேய்த்துப் போகிறவை அல்ல. அந்த ஊர்ப் பெண்ணைப் பார்த்து, 'சரியாகப் பல் விளக்குவதில்லையோ?' என்று கேட்டுவிடாதீர்கள்.