கேக்குக்கும் உண்டு சாகுபடிச் செலவு

கேள்வி: "ஆம்பூர் பக்கம் எங்கள் கிராமம். இரண்டு ஏக்கர் தென்னை இருக்கிறது. ஷூ கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டேன். இரண்டு வருடமாக வீட்டிலேயே பிறந்தநாள் கேக் செய்து தருகிறேன். மாதம் 20 ஆர்டர் வருகிறது. ஒரு கிலோ பிளாக் ஃபாரஸ்ட் 450 ரூபாய். ராத்திரி 12 மணி வரை அடுப்படியில் நிற்கிறேன், ஆனால் கையில் காசு நிற்பதில்லை. சொந்தக்காரர்கள் 300 ரூபாய்க்குக் கேட்கிறார்கள். விலையை ஏற்றினால் நாத்தனார் கோபித்துக்கொள்வார். விவசாயப் பத்திரிகையில் இதைக் கேட்கலாமா?"
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பத்தூர் மாவட்டம்.

பதில்: தாராளமாகக் கேட்கலாம், சகோதரி. நெல்லுக்கும் கரும்புக்கும் நாங்கள் போடும் அதே கணக்குதான் இதற்கும். போனில் உங்களிடம் கேட்டு வாங்கிய செலவை அப்படியே கீழே தருகிறேன்.

ஒரு கிலோ கேக்குக்கு மைதா, சர்க்கரை, எண்ணெய், கோகோ சேர்ந்து 43 ரூபாய். முட்டை நாலு, 26 ரூபாய். விப்பிங் கிரீம் 95. சாக்லேட்டும் செர்ரியும் 55. பெட்டி, அடி அட்டை 40. கரண்டுக்கு 15. ஆக மொத்தம் 274. விற்பது 450. மீதி 176 ரூபாய் லாபம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நம் விவசாயிகள் ஏமாறுவதும் இதே இடத்தில்தான். மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் சாகுபடிச் செலவை மூன்று விதமாகப் பார்க்கிறது. விதை, உரம், கூலியாள் என்று கையிலிருந்து போன பணம் 'ஏ2'. அதோடு குடும்பத்தார் பாடுபட்ட உழைப்புக்கும் ஒரு கூலி போட்டுச் சேர்த்தால் 'ஏ2 பிளஸ் எஃப்எல்'. சொந்த நிலத்துக்கு வாடகை, சொந்த முதலுக்கு வட்டி இவற்றையும் சேர்த்தால் 'சி2'. நீங்கள் ஏ2-வோடு நின்றுவிட்டீர்கள்.

ஸ்பாஞ்ச் சுட்டு, ஆறவைத்து, கிரீம் அடித்து, பூச்சு பூசி, பெயர் எழுதி, பாத்திரம் கழுவி முடிக்க ஒரு கேக்குக்கு நாலு மணி நேரம் ஆகிறது என்றீர்கள். அது அரை நாள் வேலை. 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த 100 நாள் வேலைக் கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். அதில் பாதி 168. 274-ம் 168-ம் 442. உங்கள் 450-ல் மிச்சம் எட்டு ரூபாய். கைத்தொழில் தெரிந்த ஒருவருக்கு 100 நாள் வேலைக் கூலி போட்டதே குறைவு; அதற்கே இந்தக் கதி.

ஓவன், பீட்டர், ஃபிரிட்ஜ் தேய்மானத்துக்கு 30 ரூபாய், அமுங்கிப்போய் வீணாகும் கேக்குகளுக்கு 25 ரூபாய் சேர்த்தால் அசல் 500-க்குப் பக்கம் வருகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்து ஆதரவு விலை கொடுக்கச் சொன்னது. அதன்படி உங்கள் கேக் 750. அந்த விலை உங்கள் ஊரில் உடனே ஓடாது. 650 ரூபாயில் தொடங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதற்குத் தனிக் காசு.

ஆள் போய்விடுவார்களே என்று பயம் வரும். போகட்டும். இப்போது 20 கேக்குக்கு 80 மணி நேரம் நின்று, பொருள் செலவு போக 3,520 ரூபாய் பார்க்கிறீர்கள். 650-க்கு விற்று பாதி ஆர்டர் போய் பத்தே கேக் செய்தாலும் 3,760 ரூபாய் நிற்கும், நாற்பது மணி நேரத்தில்.

உங்கள் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து ஷூ அப்பர் கையால் தைத்துக் கொடுக்கிறார் என்றும் சொன்னீர்கள். பெங்களூருவின் சிவிடெப் அமைப்பும் பிரிட்டன் அமைப்புகளும் 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டன. ஆம்பூர் வட்டாரத்தில் இப்படித் தைக்கும் பெண்களுக்கு ஒரு ஜோடிக்குப் பத்து ரூபாய் கூடக் கிடைக்கவில்லை என்று அது சொன்னது. வெளிநாட்டுக் கடைக்குப் போகிற ஷூ அது. வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்கிற வேலைதானே என்ற ஒரே நினைப்பில் கூலி இறங்கிப்போகிறது. அங்கே விலை வைப்பது அடுத்தவர். மாமியாரால் ஒன்றும் செய்ய முடியாது. கேக்குக்கு விலை வைப்பது நீங்கள்.

இனி நாத்தனார் விஷயம். என் அம்மா பால் ஊற்றிய காலத்தில் சொந்தக்காரர்களுக்கு மட்டும் தனி விலை, கடனும் உண்டு. கறவை வற்றிய மாதம் ஒருவரும் பாக்கி தரவில்லை, பேச்சும் நின்றது. குறைந்த விலை உறவைக் காப்பாற்றும் என்பதை நான் அன்றிலிருந்து நம்புவதில்லை. நாத்தனார் குழந்தையின் பிறந்தநாளுக்கு ஒரு கேக்கை முழுசாக, காசு வாங்காமல் கொடுத்துவிடுங்கள். அது சீர். அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்கும் 300 ரூபாய் என்றால் அது சீர் இல்லை, வியாபாரம். வியாபாரத்துக்கு 650.

வாயால் விலை சொன்னால் பேரம் வரும். உழவர் சந்தையில் காலையில் பலகையில் விலை எழுதிவிட்டால் யாராவது பேரம் பேசுகிறார்களா? அதேபோல ஒரு விலைப்பட்டியல் எழுதி வாட்ஸ்அப்பில் வையுங்கள். கேட்பவருக்கு அதை அனுப்புங்கள், விளக்கம் வேண்டாம். அதிலேயே இதையும் எழுதிவிடுங்கள்: ஆர்டர் இரண்டு நாள் முன்னால்; பாதிப் பணம் முன்பணம், வராவிட்டால் மாவு கலக்க மாட்டேன்; ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் எடுக்க மாட்டேன். முன்பணம் அவசியம். இன்னொருவர் குழந்தையின் பெயர் எழுதிய கேக்கை யாரிடம் விற்பீர்கள்?

நம் பக்கத்துக் கோடை வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் கிரீம் கேக்கை பைக்கில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றினால் வழிந்துவிடும். பிறகு பழி உங்கள் மேல் வரும். கொடுக்கும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், உடனே ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் உங்கள் பொறுப்பில்லை என்பதும் பட்டியலில் இருக்கட்டும்.

முட்டை விலை நாமக்கல்லில் தினமும் மாறுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பட்டியலைத் திருத்துங்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் (எஃப்எஸ்எஸ்ஏஐ) பதிவு செய்துவிட்டீர்களா என்று கேட்க மறந்துவிட்டேன். 2025-ல் ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்கு உட்பட்ட சிறு தொழிலுக்குப் பதிவுக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாயாக இருந்தது. கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பெட்டி மேல் ஒட்டுங்கள். பேக்கரிப் பயிற்சி தேவைப்பட்டால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் மனையியல் பிரிவில் விசாரியுங்கள்; கோவை வேளாண் பல்கலைக்கழகமும் நடத்துகிறது.

இதை ஏற்கெனவே வாங்கிய ஆர்டர்களுக்குச் செய்யாதீர்கள். சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து புது விலை. ஒரு நோட்டில் நேரத்தையும் எழுதிவாருங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் கணக்கை எனக்கு அனுப்புங்கள். பெயர் போடாமல் இங்கேயே எழுதுகிறேன்.