உப்புத் தண்ணீரும் பறட்டைத் தலையும்

சென்ற இதழில் குழம்பு வடகம் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த ஒரு சகோதரி, "சமையல் போதும் அக்கா, தலைமுடிக்கு ஏதாவது சொல்லுங்களேன்" என்று கேட்டிருந்தார். அவருடைய ஆறு வயதுப் பெண்ணுக்குச் சுருட்டை முடியாம். சீப்பை எடுத்தாலே வீட்டில் ரகளையாம். "இந்தப் பறட்டையை என்னதான் செய்வது?" என்று கடிதத்தை முடித்திருந்தார். அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. என் வாயிலும் பல வருஷம் புழங்கின வார்த்தை அது.

எனக்கும் சுருட்டைதான். என் மகளுக்கு இன்னும் இரண்டு பங்கு அடர்த்தியாக வந்தது. எங்கள் ஊர் சேலம். எங்கள் தெருவில் காவேரித் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும், மற்ற நாளெல்லாம் போர் தண்ணீர். உப்பென்றால் அப்படியொரு உப்பு! வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்துவிடும். சோப்பு போட்டால் நுரைக்காது, திரி திரியாகத் திரளும். அந்தத் தண்ணீரில்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளை மணையில் உட்கார வைத்து, கரகரவென்றிருக்கும் சீயக்காய்த் தூளைப் போட்டு நகத்தால் பறண்டித் தேய்ப்பேன். அவசரமான நாளில் உடம்புக்குப் போடுகிற சோப்பே தலைக்கும். அப்புறம் என் மாமியார் காட்டிக் கொடுத்தபடி துண்டை முறுக்கி, முடியைப் படார் படாரென்று தட்டி ஈரம் எடுப்பேன். காய்ந்ததும் நெருக்கமான சீப்பால் உச்சியிலிருந்து ஒரே இழுப்பு. குழந்தை அலறும். "உன் தலைக்கே தனியா ஒரு ஆள் வேணும்டி. இந்தப் பறட்டையை எவன் கட்டிக்கப் போறானோ" என்பேன். வந்தவர் போனவர் எதிரிலும் சொல்லியிருக்கிறேன்.

2022-ல் அவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். என் நாத்தனார் பெண் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு, என்னிடம் சொல்லாமல் ஓர் அழகு நிலையத்துக்குப் போய் முடியை நேராக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பட்டு நூல் மாதிரி தொங்கியது. கல்யாண வீட்டில் ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள். நானும் பூரித்துத்தான் போனேன், மறைப்பானேன்?

மூன்றாம் மாதம் ஆரம்பித்தது. சீப்பில் வந்தது உதிர்ந்த முடி அல்ல, உடைந்த முடி. (வேரோடு உதிர்ந்ததற்கு ஒரு முனையில் வெள்ளையாகச் சின்ன முண்டு இருக்கும். உடைந்ததற்கு இராது. நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.) காதுக்கு மேலே நாலு விரல் உயரத்துக்குக் குச்சி குச்சியாக நின்றது. வேரில் சுருட்டை, நுனியில் நார். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். "எதுக்குக் கண்ணு இப்படிப் பண்ணிக்கிட்டே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நீதானேம்மா எந்நேரமும் பறட்டை பறட்டைன்னே?"

நான் பதில் பேசவில்லை. துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். தைலம் எழுதித் தருவார் என்று பார்த்தால், "வெளியே தெரியிற முடி செத்த பொருள்ங்க. உயிர் வேர்லதான் இருக்கு. உடைஞ்சதை ஒட்ட வைக்க மருந்து கிடையாது. இனிமே வர்றதைக் காப்பாத்துங்க" என்றார். பிறகு எப்படித் தலைக்கு ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். முடியின் மேல்பக்கம் நம் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி. செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். சோப்பின் காரம் பட்டால் அந்த ஓடுகள் தூக்கிக்கொள்ளும். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து அதன்மேல் அழுக்காக உட்காரும். தூக்கின ஓடு ஒன்றோடொன்று மாட்டிச் சிக்காகும், உடையும். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பிக்கொள்ளும். அதைத்தான் நாம் பறட்டை என்கிறோம். சுருட்டை முடிக்கு இன்னொரு கஷ்டம், தலைத்தோலில் ஊறும் எண்ணெய் வளைவு வளைவாக இறங்கி நுனி வரை போய்ச் சேராது. அதனால் இயல்பிலேயே வறட்சி. அந்த முடியைத்தான் நான் பதினைந்து வருஷம் பாத்திரம் தேய்ப்பது போலத் தேய்த்திருக்கிறேன்.

இப்போது நாங்கள் செய்வது இது. முதல் நாள் இரவு இரண்டு மூன்று ஸ்பூன் தேங்காய் எண்ணெயை முடியின் நீளத்துக்கும் நுனிக்கும் தடவுவோம். தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் மூன்றையும் வைத்து நம் நாட்டில் செய்த ஆராய்ச்சி ஒன்று 2003-ல் வெளிவந்தது. முடிக்குள் இறங்கி, அதன் புரதம் கழுவிப் போகாமல் காத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தானாம். செய்தவர்கள் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள்தான், இருந்தாலும் என் அனுபவமும் அதுவே.

தண்ணீர் படும் முன்பே விரலால் சிக்கெடுத்துவிட வேண்டும். நுனியிலிருந்து மேலே போகணும். தூள் சீயக்காயை விட்டுவிட்டேன், அதன் திப்பி சுருட்டைக்குள் போய் மாட்டிக்கொள்கிறது. ஒரு கைப்பிடி முழுச் சீயக்காயும் ஒரு ஸ்பூன் வெந்தயமும் இரவே ஊறப்போட்டு, காலையில் கொதிக்கவிட்டுப் பிசைந்து, வேட்டித் துணியில் வடிகட்டிய தண்ணீர்தான். அதற்கு நேரமில்லாத வாரத்தில் ஷாம்பூ. ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கித்தான் ஊற்றுவோம். தேய்ப்பது தலைத்தோலை மட்டும், அதுவும் விரல் நுனியால். வழிந்து வரும் தண்ணீரிலேயே நீள முடி சுத்தமாகிவிடும்.

அடுத்ததுதான் முக்கியம். செம்பருத்தி இலை பத்துப் பதினைந்தைக் கசக்கினால் வருமே கொழகொழவென்று, அதை வடிகட்டி முடி நெடுக வழித்துவிட்டு ஐந்து நிமிஷம் விடுவோம். அந்தக் கொழகொழப்பு இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் மெதுவாக வாரிவிடணும். காய்ந்த பிறகு சுருட்டை முடியைச் சீப்பால் தொடவே கூடாது. செம்பருத்திச் செடி இல்லாத வீட்டில் கடையில் விற்கிற கண்டிஷனர் அதே வேலையைச் செய்யும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கடைசி இரண்டு குவளைக்கு மட்டுமாவது காவேரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வேன். குடிக்கிற தண்ணீரைத் தலைக்கு ஊற்றுகிறாளே என்று என் மாமியார் முணுமுணுத்தார். இரண்டு குவளைதானே அத்தை என்றேன்.

முட்டை, வெங்காயச் சாறு எல்லாம் கேட்டு எழுதாதீர்கள். செத்த முடிக்கு ஊட்ட முடியாது, பிளந்த நுனியை வெட்டத்தான் வேண்டும்.

பிள்ளை பெற்ற இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறதே, அது வேறு விஷயம். பயப்படாதீர்கள், பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் தானே சரியாகும். அதற்கு மேலும் கொட்டினால் இரும்புச் சத்தும் தைராய்டும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் போங்கள்.

வயதுப் பெண் இருக்கும் வீட்டில் இதையும் சொல்லி வையுங்கள். நேராக்கும் கலவைகள் சிலவற்றில் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு வாயு வரும். கண் எரிகிறதென்று அன்று என் மகளும் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. கிளையாக்சிலிக் அமிலம் கலந்த க்ரீம் போட்ட ஒரு இளம்பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதித்ததாக 2024-ல் பிரெஞ்சு டாக்டர்கள் எழுதினார்கள்.

முடி மாதத்துக்கு அரை அங்குலம்தான் வளரும். நாலு மாதத்துக்கு ஒரு தடவை நார் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வந்தோம். போன மாதம் கடைசித் துண்டும் போனது. தோள் வரைக்கும்தான் இருக்கிறது, அத்தனையும் சுருள். துண்டால் தட்டுவதை அடியோடு நிறுத்திவிட்டோம். பழைய பருத்தி பனியனில் சுற்றி அழுத்தி ஈரம் எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் பனியனைத் தேடிக்கொண்டு வீடெல்லாம் நடக்கிறார்.